கல்யாண டிஜே ஒருவரின் முதல் ஹவுஸ் மிக்ஸ்: பதிவிலிருந்து பகிர்வு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் கல்யாண வரவேற்புகளிலும் கல்லூரி விழாக்களிலும் சில ஆண்டுகளாக டிஜேயாக இருந்துவரும் ஒருவர் கிளப் நிகழ்ச்சிகளுக்கு நகர விரும்பினார். அங்கே அமைப்பாளர்கள் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை. "ஒரு மணி நேர மிக்ஸ் இருந்தா லிங்க் அனுப்புங்க" என்றுதான் கேட்பார்கள். மிக்ஸ் என்பது பல டிராக்குகளை இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கலந்து ஓடவிட்ட பதிவு. அவரிடம் மேடை வீடியோக்கள் நிறைய இருந்தன. ஹவுஸ், டெக்னோ என்னும் மின்னணு நடன இசையில் அவர் கை எப்படிப் போகும் என்று காட்டும் பதிவு ஒன்றுகூட இல்லை.

கருவிகள் எளியவை. இரண்டு சேனல் கொண்ட டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர், ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள் ஓடும் லேப்டாப், 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பகுதி) கொண்ட ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்கள், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். படுக்கையறைதான் ஸ்டூடியோ. நீளம் 3.4 மீட்டர். ஒரு முனையில் கட்டில், மறு முனையில் பீரோ என்பதால் நாற்காலி அறையின் நட்டநடுவில் வந்து நின்றது. இந்த நாற்காலி பின்னால் முக்கியமாகிறது.

கல்யாண மேடை தந்த பழக்கங்களையும் இங்கேயே சொல்ல வேண்டும். அங்கே சினிமாப் பாட்டின் பல்லவியும் ஒரு சரணமும் போனதும் அடுத்த பாட்டுக்குத் தாவியாக வேண்டும்; இல்லையென்றால் ஆடுகிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் லெவல் எப்போதும் சிவப்பில் நிற்கும். பாட்டுக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. உரிமை பற்றிய யோசனையும் எழுவதில்லை. அதற்குச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் உரிமை மீறல் பட்டியலிலிருந்து விலக்குகிறது. அந்த விலக்கு மண்டபத்தோடு முடிந்துவிடும். அதே டிராக்கை மிக்ஸில் சேர்த்து இணையத்தில் ஏற்றினால் எந்த விலக்கும் கிடையாது. வேலை தெரிந்த பல டிஜேக்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதல் பதிவும் அதன் கதியும்

ஒரு ஞாயிறு இரவு, 24 டிராக்குகளை 60 நிமிடங்களில் ஒரே மூச்சில் பதிவுசெய்தார். கணக்குப் பார்த்தால் ஒரு டிராக்குக்கு இரண்டரை நிமிடம். அன்றிரவே ஒரு படத்தை ஒட்டி யூடியூபில் ஏற்றி, மூன்று அமைப்பாளர்களுக்கு லிங்க் அனுப்பினார். காலையில் ஆறு டிராக்குகளுக்கு உரிமை கோரல் வந்திருந்தது. ஐந்தில் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். ஆறாவதன் உரிமையாளர் எல்லா நாடுகளிலும் தடை என்று வைத்திருந்தார். ஒரு தடை போதும், முழு வீடியோவும் மறைந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டவோ ஊமையாக்கவோ யூடியூபிலேயே வசதி உண்டு. ஆனால் மிக்ஸில் ஒரு டிராக்கின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பக்கத்து டிராக்கோடு கலந்திருக்கும். அங்கே கத்தரி வைத்தால் மூன்று டிராக்குகள் சிதையும்.

அமைப்பாளர்களில் ஒருவர் கோப்பையே நேரில் கேட்டு வாங்கிக் கேட்டார். அவர் பதில் இவ்வளவுதான்: "செலக்‌ஷன் நல்லா இருக்கு. சவுண்டு உடையுது. ஏன் இவ்வளவு அவசரம்?"

என்ன காணப்பட்டது

ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்க்கும் கல்லூரி ஜூனியர் ஒருவரிடம் பதிவு போயிற்று. அவர் கூடத்து ஸ்பீக்கரில் ஒருமுறையும் ஹெட்ஃபோனில் ஒருமுறையும் முழுதாகக் கேட்டு, நிமிடம் நிமிடமாகக் குறிப்பெடுத்தார்.

முதலில் கண்ணில் பட்டது அலைவடிவம். 18ஆவது நிமிடத்திலிருந்து அதன் உச்சிகள் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தன. இன்றைய நடன இசை டிராக்குகள் மாஸ்டரிங் என்னும் இறுதி ஒலிச் செப்பனிடலிலேயே உச்சம் தொடும் அளவுக்கு ஏற்றப்பட்டுத்தான் வெளியாகின்றன. அப்படி இரண்டு ஒரே நேரத்தில் ஓடினால், தொடர்பில்லாத ஒலிகள் சுமார் 3 டெசிபெல் கூடும். கிக் என்னும் தாழ்ந்த டிரம் அடிகள் இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 6 டெசிபெல் வரை கூடும். கெயின், அதாவது டிராக்கின் ஒலியளவு, ஏற்கெனவே சிவப்பில்; தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் லோ ஈக்யூ குமிழ் நடுவைத் தாண்டி வலப்பக்கம். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபெலுக்கு மேல் இடமே இல்லை. அங்கே வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

23ஆவது நிமிடத்தில் நேர்மாறான குறை. இரண்டு டிராக்குகள் சேரும் அரை நிமிடம் கிக் பொள்ளலாகிப் போனது. "அண்ணா, ரெண்டு கிக் ஓடுது, ஆனா ஒரு கிக்கூட கேக்கல" என்றார் ஜூனியர். காரணம் எளிய கணக்கு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. இரண்டு கிக்குகள் 10 மில்லிநொடி தள்ளி விழுந்தால், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து இரண்டும் அழியும். மென்பொருள் ஒவ்வோர் அடியிலும் போடும் கோடுகளான பீட்கிரிட்டில் ஒரு டிராக் 124, மற்றது 124.05 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) என்று இருந்தால்கூட, 32 பார் (ஒரு பார் நான்கு அடி) ஓடி முடிப்பதற்குள், அதாவது ஏறக்குறைய 62 நொடிகளில், விலகல் 25 மில்லிநொடியைத் தொடும். ஆரம்பத்தில் பொருந்தியிருப்பது நடுவில் பொள்ளலாகி, கடைசியில் இரட்டை அடியாகக் கேட்கும். இரு டிராக்குகளைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தான் பீட்கிரிட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. கிரிட் தவறென்றால் சிங்க்கும் தவறுதான்.

41ஆவது நிமிடத்தில் சுருதி மோதியது. ஏ மைனரில் ஓடும் பேஸ்லைன் (தாழ்ந்த சுரங்களின் வரிசை) மேல் பி ஃப்ளாட் மைனரில் ஒரு குரல் ஏறியது. கீபோர்டில் பார்த்தால் அரைச்சுரம்தான் வித்தியாசம், பக்கத்துக் கட்டை. ஆனால் சுருதிகளுக்கு எண் கொடுத்து வட்டமாக அடுக்கி டிஜேக்கள் பயன்படுத்தும் காமெலாட் சக்கரத்தில் முன்னது 8ஏ, பின்னது 3ஏ. ஐந்து கட்டம் தள்ளி. 8ஏ-வுக்கு இணக்கமானவை 7ஏ, 9ஏ, 8பி. சக்கரத்தில் எண் அடுத்தடுத்து வருவதுதான் பக்கம். கீபோர்டில் பக்கம் இருப்பது பெரும்பாலும் பகை.

நான்காவது குறை கோப்புகளில் இருந்தது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, 320 கேபிபிஎஸ் என்று பெயர் போட்டிருந்த மூன்று எம்பி3 கோப்புகளில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெறும் கறுப்பு. உண்மையான 320 கோப்பில் ஒலி ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும். 16-இல் சுவர் வைத்தாற்போல நின்றால், அது 128 கேபிபிஎஸ் கோப்பை மறுபடி 320 ஆக மாற்றியது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். வாட்ஸ்ஆப் குழுவில் கைமாறி வந்த கோப்புகள் அவை. வீட்டு ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கிளப்பின் பெரிய ஸ்பீக்கரில் சிம்பல் ஒலி தண்ணீரில் நனைந்ததுபோல் கேட்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, அந்த அமைப்பாளர் சொன்ன அவசரம். ஹவுஸ் டிராக் ஒன்று ஆறு, ஏழு நிமிடம் ஓடும். முதல் 16 அல்லது 32 பார் வெறும் தாளம். பிறகு பேஸ், தாளம் ஒதுங்கும் பிரேக்டவுன், எல்லாம் ஒருசேரத் திரும்பும் டிராப் என்று படிப்படியாகக் கட்டும். இரண்டரை நிமிடத்தில் மாற்றினால் டிராப் வருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வேகமும் 122, 128, 121 என்று தாவியது. ஆடுகிறவர் உடம்பு ஒரு வேகத்தைப் பிடிக்கவே விடவில்லை.

காரணம் தேடியது

லோ குமிழை ஏன் அவ்வளவு ஏற்றினார்? "கிக் சின்னதா கேட்டுச்சு, அதான்" என்றார். ஜூனியர் அறைக்கு வந்து, லேப்டாப்பில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, அவரை அறை நெடுக நடக்கச் சொன்னார். கட்டில் பக்கம் சுவரோரம் ஒலி அதிர்ந்தது. பீரோ பக்கமும் அப்படியே. நாற்காலி இருந்த நடுவிடத்தில் ஏறக்குறைய மறைந்தது.

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கான 6.8-ஆல் வகுத்தால் 50.4. அதாவது அந்த அறை 50 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும்; அந்த அதிர்வில் அழுத்தம் சுவர்களில் மிகுதி, நடுவில் ஒன்றுமில்லை. ஹவுஸ் கிக்கின் உயிர் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. 5 அங்குல வூஃபரும் அந்த எல்லையில் ஏற்கெனவே தளர்ந்துபோகும். ஆக அவர் காதுக்கு வராத கிக்கைத் தேடி லோவை ஏற்றினார். பதிவில் அது வெடித்தது. கையில் குறையில்லை, உட்கார்ந்த இடத்தில் குறை. வீட்டில் மிக்ஸ் செய்கிற எவரும் ஒரு மாலையை இந்த நடைப் பரிசோதனைக்குச் செலவிட வேண்டும். புது ஸ்பீக்கர் வாங்குவதைவிட இது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எடுத்த முடிவுகள்

*எங்கே பகிர்வது என்பது முதலில்.* டிராக் தேர்வுக்கு முன்பே தளம் தீர்மானிக்கப்பட்டது. நேரடி மேடைக்கான உரிமமும் இணையப் பதிவேற்றத்துக்கான உரிமையும் வேறு வேறு. தவிர, ஒரு டிராக்கில் இசையமைப்பின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என்று இரண்டு அடுக்குகள் உள்ளன. மிக்ஸ்கிளவுட் இதற்கென்றே உரிமதாரர்களோடு ஒப்பந்தம் வைத்து இயங்கும் தளம். கேட்பவர் கோப்பைத் தரவிறக்க முடியாது, ஒரே கலைஞரின் டிராக்குகள் ஒரு நிகழ்ச்சியில் எத்தனை வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. முழு மிக்ஸ் அங்கே என்று முடிவாயிற்று. யூடியூபுக்கு அனுமதி கிடைத்த டிராக்குகளை மட்டும் கொண்ட சிறு பகுதி. சுருதியை லேசாக ஏற்றி இறக்கி அடையாளம் காணும் மென்பொருளை ஏமாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது ஏற்கப்படவில்லை. அது பெரும்பாலும் பலிப்பதில்லை. பலித்தாலும், எந்தக் கலைஞரின் இசையைக் காட்டிப் பெயர் வாங்க நினைக்கிறோமோ அவரிடமிருந்தே ஒளிந்துகொள்வது ஆகும்.

*கோப்புகள்.* 40 டிராக்குகள் கொண்ட பட்டியல் 14 ஆகக் குறைந்தது. பதினான்கும் பேண்ட்கேம்ப், பீட்போர்ட் கடைகளில் தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் விலை கொடுத்து வாங்கப்பட்டன. "எக்ஸ்டெண்டட் மிக்ஸ்" என்று குறித்த பதிப்புகள் மட்டுமே. மூன்று நிமிட ரேடியோ பதிப்பில் தாள முன்னுரை இருக்காது, கலக்க இடமே கிடைக்காது. சந்தா ஸ்ட்ரீமிங் டிராக்குகளை வைத்து ஒத்திகை பார்த்தபோது பதிவுப் பொத்தான் வேலை செய்யவில்லை. அது பழுதல்ல, ஸ்ட்ரீமிங் டிராக் ஓடும்போது பதிவைத் தடுப்பது உரிம நிபந்தனை.

*அனுமதி.* ஒன்பது டிராக்குகள் சிறு லேபிள்களுடையவை, அதாவது சிறு இசை வெளியீட்டு நிறுவனங்களுடையவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி மின்னஞ்சல் போயிற்று: மிக்ஸின் நீளம், டிராக்கின் பெயர், எந்தத் தளம், வருமானம் இல்லை என்ற உறுதி. ஆறு பேர் பதில் எழுதினார்கள். ஐந்து பேர் சம்மதம். ஒருவர் மிக்ஸ்கிளவுட் சரி, யூடியூப் வேண்டாம் என்றார்.

*வரிசை.* 120 பிபிஎம்மில் தொடங்கி 126-இல் முடிவது; அடுத்தடுத்த டிராக்குகளுக்கு இடையே 1 பிபிஎம்முக்கு மேல் தாவுவதில்லை. வேகத்தை 6 விழுக்காடு மாற்றினால் சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் நகரும். 120-ஐ 124-இல் ஓட்டினாலே அரைச்சுரத்தில் பாதிக்கு மேல் விலகும். காமெலாட் எண் அர்த்தமிழந்துவிடும். அதனால் மாஸ்டர் டெம்போ போட்டு சுருதி பூட்டப்பட்டது. அதிக மாற்றத்தில் இந்தப் பூட்டு குரலைக் குழைத்துவிடும் என்பதால், 3 விழுக்காட்டுக்கு மேல் இழுக்க வேண்டிய டிராக்குகள் கழிக்கப்பட்டன. ஒன்று மட்டும் விதிவிலக்காக, 3.3 விழுக்காட்டில் உள்ளே வந்தது. மென்பொருள் சொன்ன சுருதியை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு டிராக்கின் பேஸ்லைனையும் கீபோர்டில் தொட்டுப் பார்த்ததில் இரண்டு தவறாக இருந்தன.

*ஒவ்வொரு டிராக்கின் தயாரிப்பு.* இதற்குத்தான் அதிக நேரம் போயிற்று, போகவும் வேண்டும். பீட்கிரிட்டின் முதல் கோடு முதல் கிக்கின் தொடக்கத்தில் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, பிறகு டிராக்கின் கடைசி நிமிடத்துக்குப் போய் அங்கேயும் கோடு கிக்கில் விழுகிறதா என்று சரிபார்த்தார்கள். முன்பகுதி மட்டும் பார்த்தால் 0.05 பிபிஎம் பிழை கண்ணில் படாது. பின் நான்கு ஹாட் க்யூ, அதாவது பொத்தானைத் தட்டியதும் தாவிப்போகும் குறியிடங்கள்: ஏ - கலக்கத் தொடங்கும் இடம்; பி - பேஸ் நுழையும் இடம்; சி - வெளியேறத் தொடங்க வேண்டிய இடம், பெரும்பாலும் கடைசி 32 பார்; டி - கை தாமதமானால் பிடித்துக்கொள்ள, திரும்பத் திரும்ப ஓடும் 8 பார் லூப். பதினான்கின் உரத்த பகுதிகளையும் ஓடவிட்டு, கெயினால் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மாஸ்டர் உச்சி −6 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்தார்கள்.

*பேஸ் மாற்றம்.* விதி ஒன்றே: இரண்டு டிராக்கின் லோ ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடாது. உள்ளே வரும் டிராக்கின் லோ முழுக்க மூடி, 16 பார் வரை அதன் மேல் ஒலிகளை மட்டும் ஏற்றி, சொற்றொடர் எல்லையில், அதாவது 8 பார் சுற்றின் முதல் அடியில், ஒன்றை மூடி மற்றதைத் திறப்பது. மிக்ஸரை ஈக்யூ முறையில் வைத்தால் குமிழை அடிவரை இறக்கினாலும் 26 டெசிபெல்தான் குறையும், கிக் மெலிதாகக் கசியும். லோவை முழுக்க அடைத்துவிடும் ஐசொலேட்டர் முறைக்கு மாற்றியதும் கசிவு நின்றது.

நாற்காலியும் இடம் மாறியது. ஸ்பீக்கர்கள் குறுகிய சுவர் பக்கம் போயின. காது அச்சுவரிலிருந்து 1.3 மீட்டரில், அறை நீளத்தில் ஏறக்குறைய 38 விழுக்காட்டில் வந்தது. பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. குடும்பத்தில் அதற்கு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாம் பதிவு

மூன்று ஒத்திகைகளுக்குப் பின் ஒரு வார நாள் பிற்பகலில் பதிவு. 38ஆவது நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. கன்ட்ரோலர் யூஎஸ்பி வழியே லேப்டாப்பிலிருந்து மின்சாரம் எடுப்பது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. ஆக ஸ்பீக்கர் மட்டும் அணைந்தது, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தாமல் ஹெட்ஃபோனில் மாஸ்டரைத் திருப்பித் தொடர்ந்தார். வயர் ஹெட்ஃபோன் என்பதால் முடிந்தது. புளூடூத் என்றால் 200 மில்லிநொடி வரை தாமதம் வரும். 124 பிபிஎம்மில் ஓர் அடியே 484 மில்லிநொடிதான், ஏறக்குறைய பாதி அடி தள்ளிக் கேட்டுக்கொண்டு எதையும் பொருத்த முடியாது.

முடிந்தபின் கேட்டபோது, மின்சாரம் போன அடுத்த நிமிடத்தில் மூன்று 'டிக்' ஒலிகள். பேட்டரிக்கு மாறியதும் லேப்டாப் தானாக மின்சேமிப்பு நிலைக்குப் போய்ச் செயலியின் வேகத்தைக் குறைத்துவிட்டது. ஆடியோ பஃபர் 256 சாம்பிளில் இருந்தது, அது 5.8 மில்லிநொடிக்கான இருப்பு. அதற்குள் அடுத்த துண்டைத் தயார்செய்ய முடியாதபோது ஒலி அறுந்தது.

முழுதும் மறுபடி பதிவதா, ஒட்டுவதா? பஃபரை 512-க்கு உயர்த்தி, பேட்டரியிலும் முழு வேகம் என்று அமைத்து, 34ஆவது நிமிடத்திலிருந்து 45 வரையான பகுதி மட்டும் மறுபடி பதியப்பட்டது. இரு முனையிலும் ஒரே டிராக் தனியாக ஓடும் இடம் தேர்ந்து, கிக் தொடங்குவதற்குச் சற்று முன் வெட்டி, ஒன்று மங்க மற்றது எழும்படி 10 மில்லிநொடி கிராஸ்ஃபேடு கொடுத்து ஆடாசிட்டி மென்பொருளில் ஒட்டினார்கள். கிக்கின் வீச்சு வெட்டை மறைத்துவிடும். பதிவு மிக்ஸில் இப்படி ஒட்டுவது நேர்மைக்குப் புறம்பானதல்ல. ஒரே மூச்சில் வாசித்தது என்று எழுதினால்தான் பொய். விவரக் குறிப்பில் அப்படி எழுதவில்லை.

இறுதிச் செப்பனிடலில், உரத்த ஒலிகளை அழுத்தும் கம்ப்ரசர் போடவில்லை. டிராக்குகள் ஏற்கெனவே மாஸ்டர் ஆனவை. மேலும் அழுத்தினால் பிரேக்டவுனும் டிராப்பும் ஒரே உயரமாகி, டிராப்பின் அடி காணாமல் போகும். கெயினை ஏற்றி, உச்சிகளைத் தடுக்கும் லிமிட்டர் அதிகபட்சம் 2 டெசிபெல் மட்டும் பிடிக்கும்படி வைத்து, உச்சி −1 டெசிபெலில் நிறுத்தப்பட்டது. தளங்கள் கோப்பை மறுபடி சுருக்கும்போது உச்சிகள் சற்றே எழும்பும். அந்த ஒரு டெசிபெல் அதற்கான இடைவெளி. 66 நிமிட வேவ் கோப்பு, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில், சுமார் 700 எம்பி வந்தது. 320 எம்பி3 ஆக்கினால் 158 எம்பி.

வெளியீடு

முதலில் பிறர் பார்க்க முடியாத லிங்க்காக ஏற்றி, காரிலும் சாதாரண இயர்ஃபோனிலும் கேட்டபின் பொதுவில் திறந்தார்கள். டிராக் பட்டியலில் கலைஞர், டிராக், லேபிள், தொடங்கும் நேரம் நான்கும் இருந்தன. தொடங்கும் நேரம் என்று எதைக் குறிப்பது என்பதில் குழப்பம் வரும். மேல் ஒலிகள் மெல்ல நுழையும் கணத்தைவிட, பேஸ் கைமாறும் கணத்தைக் குறிப்பதே கேட்பவருக்கு உதவும். "இது என்ன டிராக்?" என்று ஒருவர் தேடுவது அந்த நேரத்தில்தான்.

யூடியூபுக்கு 18 நிமிடப் பகுதி, அனுமதி தந்த லேபிள்களின் நான்கு டிராக்குகள். அத்தியாயங்கள் தெரிய வேண்டுமானால் விவரக் குறிப்பில் முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையாமல். அப்படியே செய்யப்பட்டது. இருந்தும் ஒரு டிராக்குக்கு உரிமை கோரல் வந்தது. லேபிள் சம்மதித்தது உண்மை; ஆனால் அதன் விநியோக நிறுவனம் அந்த டிராக்கை யூடியூபின் அடையாள முறையில் பதிந்துவைத்திருந்தது. மின்னஞ்சல் சம்மதம் இயந்திரத்துக்குத் தெரியாது. எதிர்வாதம் தாக்கல் செய்யாமல் லேபிளுக்கே எழுதினார். அவர்கள் விநியோக நிறுவனத்திடம் சொல்லி, சில நாட்களில் கோரல் நீங்கியது.

பிறகு நடந்தவை

அந்த மூன்று அமைப்பாளர்களுக்கே புது லிங்க் போயிற்று, இம்முறை ஒரு வரி சேர்த்து: நேரமில்லையென்றால் 19ஆவது நிமிடத்திலிருந்து கேளுங்கள். ஒருவர் பதில் தரவில்லை. ஒருவர், தன் இடத்துக்கு இன்னும் வேகமான இசை வேண்டும் என்றார். "ஏன் இவ்வளவு அவசரம்" என்று கேட்டவர், இரவு 9 மணிக்கு அரங்கு நிரம்புவதற்கு முன்னான தொடக்க நேரத்தைக் கொடுத்தார். 120-இல் பொறுமையாக ஏறும் மிக்ஸ் தொடக்க நேரத்துக்குப் பொருந்துவது. அதைக் கேட்டுத்தான் கூப்பிட்டார். எந்த நேரத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதற்கு ஏற்ப மிக்ஸ் அமைய வேண்டும் என்பது அனுபவசாலிகளே மறந்துவிடும் விஷயம்.

சம்மதம் தந்த லேபிள்களில் ஒன்று மிக்ஸைத் தன் பக்கத்தில் பகிர்ந்தது. கேட்டவர்களில் சிலர் பட்டியலைப் பார்த்து டிராக்குகளை வாங்கியதாக எழுதினார்கள்.

எதிர்பாராத குறையும் தெரிந்தது. முதல் இரண்டு நிமிடங்களிலேயே பலர் விலகியிருந்தார்கள். தொடக்க டிராக்கின் முதல் 90 நொடி அடிமட்ட பேஸும் மெல்லிய ஹை-ஹாட்டும்தான். ஃபோன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் எழுப்பாது. ஃபோனில் போட்டவர்களுக்கு மிக்ஸ் தொடங்கியதாகவே தெரியவில்லை. வெளியிடும் முன் காரில் கேட்டார்கள், இயர்ஃபோனில் கேட்டார்கள். ஃபோனை வெறுமனே மேசைமேல் வைத்து யாரும் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியவை

தொடக்க டிராக் ஃபோன் ஸ்பீக்கரில் முதல் 20 நொடிக்குள் ஏதாவது மெட்டோ குரலோ கேட்கச் செய்ய வேண்டும். இதைப் பதிவுக்கு முன்பே, வரிசை போடும்போதே சோதிக்க வேண்டும். வெளியீட்டின்போது சோதித்தால் திருத்த வழியில்லை.

3.3 விழுக்காட்டில் இழுத்த அந்த ஒரு டிராக்கின் குரல், நல்ல ஹெட்ஃபோனில் குழைவாகவே கேட்கிறது. விதிவிலக்கு கொடுத்திருக்கக்கூடாது; அதே வேகத்தில் இன்னொரு டிராக் பட்டியலில் இருந்தது.

லேப்டாப்பை மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, முழு மிக்ஸையும் பேட்டரியிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்திருந்தால், அந்த 'டிக்' முன்கூட்டியே தெரிந்திருக்கும். மின்வெட்டு வரும் ஊரில் இது சாதாரண ஒத்திகையின் பாகமாக இருக்க வேண்டும்.

லேபிளுக்கு எழுதும் மின்னஞ்சலில் ஐந்தாவது வரி ஒன்று சேர வேண்டும்: உங்கள் விநியோக நிறுவனம் யூடியூபில் இந்த டிராக்கைப் பதிந்திருக்கிறதா, எங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்க முடியுமா? பதில் வருவதற்கு இரண்டு வாரமாவது விட வேண்டும். இந்த முறை பதில் வராத மூன்று லேபிள்களின் டிராக்குகளும் மிக்ஸ்கிளவுட் பதிப்பில் மட்டும் இருக்கின்றன; யூடியூப் பகுதிக்கு அவை எடுத்துக்கொள்ளப்படவில்லை.